மறைந்து 33 வருடம் கழித்து ஒரு லெப்டினன்ட் பதவி: அது யாருக்கு?

சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். முதல் உலகப் போர் பாடம் வெறும் தேதிகளும் ஒப்பந்தங்களுமாகப் போகிறதே என்று, போன வாரம் யூஜின் புல்லார்டின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினப் பையன், நிறவெறிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடி, 1912ல் ஒரு கப்பலில் ஒளிந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்து, குத்துச்சண்டை வீரராகி, 1914ல் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரான்ஸின் அந்நியர் படையில் சேர்ந்து, வெர்தூன் போரில் காயம்பட்டு, அப்புறம் 1917ல் பிரெஞ்சு விமானப்படையில் விமானியானவர். அவர் 1961ல் இறந்தார். அமெரிக்க விமானப்படை அவருக்கு செகண்ட் லெப்டினன்ட் பதவியைக் கொடுத்தது 1994ல்.

இதைச் சொல்லி முடித்ததும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அவருக்குத்தான் தெரியவே போவதில்லையே மிஸ், அப்புறம் எதற்குக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். "மரியாதைக்காக" என்று ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இரண்டு உதவி வேண்டும். இப்படி வேறு நாட்டு விமானப்படைக்குத் தாமாகப் போய்ச் சேர்ந்து, அப்புறம் மறக்கப்பட்டு, மிகத் தாமதமாக மதிக்கப்பட்ட விமானிகள் வேறு யார் யார்? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

---

ஒற்றைச்சிறகு எழுதியது:

டீச்சர், நல்ல கேள்வி கேட்ட பெண். அவள் கேட்டதில் பாதி பதில் இருக்கிறது. பதவி "கொடுத்தார்கள்" என்கிறோம் அல்லவா, அந்த வார்த்தைதான் குழப்புகிறது. புல்லார்டின் விஷயத்தில் அமெரிக்கா எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை. 1917ல் கொடுத்திருக்க வேண்டியதை, பிடித்து வைத்திருந்து, 77 வருடம் கழித்துத் திருப்பித் தந்தது.

நடந்தது இதுதான். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதுவரை பிரெஞ்சுப் படையில் பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களை, எங்கள் பக்கம் வாருங்கள், அதிகாரி பதவி தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். புல்லார்டும் விண்ணப்பித்தார். பாரிஸில் மருத்துவப் பரிசோதனை நடந்தது, அதில் தேறியும் விட்டார். கையில் பிரெஞ்சு விமானி உரிமம் இருக்கிறது, மார்பில் பதக்கம் இருக்கிறது. கூடப் போன வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது, இவருக்கு மட்டும் வரவில்லை. தோல் நிறத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இரண்டாம் உலகப் போரிலும் அவர் பிரான்ஸுக்காகத் துப்பாக்கி தூக்கினார். 1940 ஜூனில் காயம்பட்டு, ஸ்பெயின் வழியாகத் தப்பி அமெரிக்கா திரும்பினார். பிரான்ஸ் அவரை மறக்கவில்லை. 1954ல் பாரிஸ் வெற்றி வளைவின் கீழே பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையில் சுடரை மீண்டும் ஏற்ற அழைத்த மூவரில் இவர் ஒருவர். 1959ல் செவாலியே விருது கொடுத்தார்கள்.

அதே 1959ல் நியூயார்க்கில் அவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? ராக்ஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் இயக்குபவர். அந்தக் கட்டடத்தில்தான் என்பிசி தொலைக்காட்சியின் ஸ்டுடியோ. டிசம்பரில் ஒருநாள் அவரையே காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். லிஃப்ட் சீருடையோடு போய் உட்கார்ந்தார். தினம் அந்த லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள், பித்தான் அமுக்கும் இந்தக் கிழவர் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். வகுப்பில் இந்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள்.

நான் அந்தப் பெண்ணிடம் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: 1994 வரைக்கும் அமெரிக்க விமானப்படையின் ஏட்டில், இவர் தகுதியில்லாதவர் என்ற பொய் அழிக்கப்படாமல் கிடந்தது. பதவி கொடுத்ததன் மூலம் அந்தப் பொய்யை அடித்தார்கள். ஏட்டில் இருக்கும் பொய், ஆள் இறந்த பிறகும் பொய்தான். திருத்தித்தான் ஆக வேண்டும்.

---

நடுவானம் எழுதியது:

ஒற்றைச்சிறகு சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏடு திருந்தியது சரி. அந்த மனிதர் 66 வயதில் இறக்கும்வரை அவர் சொந்த நாடு ஒரு சல்யூட் கூட அடிக்கவில்லையே. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

ஆர்தர் சின்னைப் பாருங்கள். ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் பிறந்த சீன அமெரிக்கர். ஜப்பான் சீனாவைத் தாக்கத் தொடங்கிய காலத்தில், அங்கிருந்த சீன வம்சாவளி இளைஞர்கள் சிலர் சொந்தச் செலவிலும் சமூகத்தின் நன்கொடையிலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சீனாவுக்குக் கப்பலேறினார்கள். அதில் ஒருவர் இவர். பறக்கத் தெரிந்தபோது வயது இருபதுகூட ஆகவில்லை. ஜப்பானிய விமானங்கள் பலவற்றை வீழ்த்தினார். 1939 டிசம்பரில் குன்லுன் கணவாய் அருகே இவர் விமானம் தீப்பிடித்தது. குதித்துவிட்டார், ஆனால் முகமும் கைகளும் வெந்துபோயின. கண்ணில் கட்டோடு படுத்துக் கிடந்தபோது குண்டுவீச்சு நடந்தது. இவரால் எழுந்து ஓட முடியாது. மனைவி இவர் மேல் படுத்து மறைத்துக்கொண்டார். மனைவி இறந்தார், இவர் பிழைத்தார்.

அதற்கப்புறம் பல வருடம் அறுவை சிகிச்சை. பின்பு மறுபடியும் சீனாவுக்குப் போய், இமயமலைக்கு மேலே சரக்கு விமானம் ஓட்டினார். போர் முடிந்ததும் போர்ட்லண்டில் தபால் துறை ஊழியர். அமெரிக்க அரசு பதக்கம் கொடுத்தது 1995ல். 1997 அக்டோபரில் போர் விமானிகளுக்கான புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள், ஆனால் செப்டம்பர் 3ஆம் தேதியே அவர் போய்விட்டார். ஒரு மாதம்! இத்தனை வருடம் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தார், அந்த ஒரு மாதத்தை யாராவது முன்னால் தள்ளியிருக்கக் கூடாதா?

அதனால் என் பதில்: அந்தப் பெண் கேட்டது சரி. மறைவுக்குப் பிந்தைய கௌரவம் அரைக் கௌரவம்தான். இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடுவதுதான் முதல் வேலை.

---

ஒற்றைச்சிறகு எழுதியது:

நடுவானம், ஒரு மாதத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உயிரோடு இருக்கும்போது கொடுப்பதே மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்காமல் விட்டாகிவிட்டது என்றால் அப்படியே விட்டுவிடுவதா? அவர் ஊர் பக்கத்தில் ஒரு தபால் நிலையத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் செய்த வேலையோடு ஒட்டிய கௌரவம் அது. தபால்தலை வாங்க வருகிற ஒரு பிள்ளை, யார் இந்த மேஜர் சின் என்று கேட்கும். எனக்கு அது அரையாகத் தெரியவில்லை.

---

கல்வெட்டு எழுதியது:

செக்கோஸ்லோவாக்கிய விமானிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. திருப்பிக் கொடுப்பது என்று ஒற்றைச்சிறகு சொன்னதற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் இருக்காது.

1939ல் ஹிட்லர் நாட்டை விழுங்கியதும், இவர்கள் எல்லை தாண்டி போலந்து, அங்கிருந்து பிரான்ஸ், பிரான்ஸ் விழுந்ததும் பிரிட்டன் என்று ஓடி ஓடிப் போய்ப் போரிட்டார்கள். பிரிட்டனின் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸின் தன்னார்வலர் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். 310, 312, 313 போர் விமானப் பிரிவுகள், 311 குண்டுவீச்சுப் பிரிவு. 1940ல் ஜெர்மனியோடு நடந்த பிரிட்டன் வான்போரில் மட்டும் 88 பேர் பறந்தார்கள். போர் முழுக்கச் சுமார் 2,500 பேர் சேவை செய்ததில் ஏறக்குறைய 500 பேர் திரும்பவில்லை.

திரும்பியவர்கள் 1945ல் பிராகில் மாலை மரியாதையோடு வரவேற்கப்பட்டார்கள். மூன்றே வருடம்தான். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட்கள் ஆட்சியைப் பிடித்ததும், மேற்கத்திய நாட்டுப் படையில் இருந்தவன் எவனும் நம்பத்தக்கவன் இல்லை என்றாகிவிட்டது. படையிலிருந்து நீக்கம், பதவி பறிப்பு, வேலை கிடைக்காமை, பலருக்குச் சிறை. இவர்களுக்கெல்லாம் தலைமை தாங்கிய காரெல் யானோஷெக், ராயல் ஏர் ஃபோர்ஸில் ஏர் மார்ஷல் பதவி வரை உயர்ந்த ஒரே செக்கோஸ்லோவாக்கியர். அவர் போரில் இருந்தபோது நாட்டில் விட்டு வந்த மனைவி நாஜிகளிடம் சிக்கி முகாமில் உயிரிழந்தார். அப்படிப்பட்டவரை 1948ல் கைது செய்து, விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, 18 வருடத் தண்டனை கொடுத்தார்கள். பிறகு அதைக் கூட்டவும் செய்தார்கள். 1960ல் பொது மன்னிப்பில் வெளியே விட்டபோது வயது 66. ஏர் மார்ஷல் ஒரு கிடங்கில் வேலைக்குப் போனார். 1971ல் இறந்தார்.

ஆட்சி மாறிய பிறகு 1991ல் தீர்ப்பை முழுமையாக ரத்து செய்து, ராணுவத்தின் உச்சப் பதவியான ஆர்மி ஜெனரல் பதவியை அவர் மறைவுக்குப் பின் கொடுத்தார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தீர்ப்பு ரத்து, அப்புறம்தான் பதவி. ஒரு மனிதனைக் குற்றவாளி என்று எழுதிய தாளைக் கிழிக்காமல் அதன் மேலேயே பதக்கம் ஒட்டினால் அது கௌரவம் ஆகாது.

பிராகில் கிளாரோவ் என்ற இடத்தில் 2014ல் இவர்கள் நினைவாகச் சிறகு முளைத்த சிங்கம் ஒன்றை வெண்கலத்தில் வைத்தார்கள். அங்கே வாழும் பிரிட்டிஷ் சமூகத்தினர் செக், ஸ்லோவாக் மக்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. இவர்கள் யாருடைய படையில் பறந்தார்களோ அந்த நாட்டுக்காரர்களே பணம் திரட்டி இவர்களின் சொந்த ஊரில் கொண்டுவந்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரிட்டனில் பறந்த போலந்து விமானிகளுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. லண்டன் நார்தோல்ட்டில் 1948ல் நினைவுத்தூண் எழுப்பினார்கள், விட்டுப்போன பெயர்களை 1990களில் தேடிச் சேர்த்தார்கள். பட்டியல் ஒருமுறை செதுக்கியதோடு முடிந்துவிடுவதில்லை டீச்சர், இதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

---

பழைய தபால் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. அயர்லாந்து இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்தது. அந்த நாட்டு ராணுவத்திலிருந்து ஏறக்குறைய 5,000 பேர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போய் நேச நாட்டுப் படைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தரைப்படை என்றாலும் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பொருந்தும். திரும்பி வந்தவர்களுக்கு 1945ல் ஓர் ஆணை போட்டு, ஏழு வருடத்துக்கு அரசு சம்பளம் உள்ள எந்த வேலையும் கிடையாது என்றார்கள். பேரப் பிள்ளைகள் காலம் வரை "ஓடிப்போனவன் வீடு" என்ற பேச்சு. 2013ல் ஐரிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்பு அளித்தது. பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஆனால் அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள் அல்லவா? யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்கள் மாணவி கேட்டால், அவர்களுக்கு.

---

கல்வெட்டு எழுதியது:

நம் நாட்டவரைப் பற்றியும் பேச வேண்டும். இந்திர லால் ராய், கல்கத்தாவில் 1898ல் பிறந்து லண்டனில் படித்தவர். அப்போதைய பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோர், கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் போய் மறுபரிசோதனை செய்துகொண்டு மறுபடி போய் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள். 1918 ஜூலையில் 40ஆம் பிரிவில் இருந்தபோது, பதின்மூன்றே நாளில் வான்சண்டையில் பத்து வெற்றிகள். ஜூலை 22ல் பிரான்ஸில் கார்வின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. டிஎஃப்சி என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் செப்டம்பரில் வந்தது, மறைவுக்குப் பின்.

அவரோடு அதே காலத்தில் பறந்தவர் ஹர்தித் சிங் மாலிக். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். இந்தியர் என்பதால் ராயல் ஃப்ளையிங் கோர் முதலில் சேர்க்கவில்லை. பிரெஞ்சு செஞ்சிலுவைக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சு விமானப்படையில் சேர வாய்ப்பு வந்ததும், அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் பிரிட்டிஷ் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார், பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் பையனை நாம் வேண்டாம் என்பதா என்று. அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. தலைப்பாகைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பெரிதாகத் தைத்த தோல் கவசத்தோடு சாப்வித் கேமல் போர் விமானம் ஓட்டினார். 1917 அக்டோபரில் காலில் பாய்ந்த குண்டுகளைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராக அதே பிரான்ஸுக்குப் போனார்.

---

நடுவானம் எழுதியது:

ஒரு சந்தேகம் கல்வெட்டு. இவர்களை "வெளிநாட்டுப் படைக்குப் போன தன்னார்வலர்" என்று சொல்லலாமா? நம்மை ஆண்டவனுடைய படை. அதில் சேர்ந்தவரைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு நெருடல் எப்போதும் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

---

கல்வெட்டு எழுதியது:

நெருடல் எனக்கும் உண்டு. ஆனால் இந்திய விமானப்படை தொடங்கப்பட்டதே 1932 அக்டோபர் 8ல். 1917ல் பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இந்தியப் பையனுக்கு வேறு எங்கே போக முடியும்? ராய்க்கு மருமகன் முறையான சுப்ரதோ முகர்ஜிதான் பின்னால் சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்கு முதல் இந்தியத் தளபதி ஆனார். கதவு ஒன்றை மாமன் முட்டித் திறந்தார், மருமகன் நுழைந்து வீட்டையே நம்முடையது ஆக்கினார் என்றுதான் நான் பார்க்கிறேன். பேரரசைக் கொண்டாட வேண்டியதில்லை. அந்தப் பையனின் பெயரை நாம் சொல்லலாம். 1998ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

1940ல் விமானி உரிமம் வைத்திருந்த 24 இந்தியர்கள் பிரிட்டனுக்குப் போனார்கள். அதில் மகிந்தர் சிங் புஜ்ஜி, தலைப்பாகையோடு ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டியவர், 2010ல் 92 வயதில் இறந்தார். இங்கிலாந்தில் கிரேவ்சென்ட் என்ற ஊரில் அவர் சிலை 2014ல் எழுந்தது. நாலு வருடம் தாமதம், நடுவானம் இதற்கும் கோபப்படுவார், படட்டும். இன்னொன்று, அந்தப் போரில் மெட்ராஸ் மாகாணம் கொடுத்த நன்கொடைக்காக ராயல் ஏர் ஃபோர்ஸின் 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகளுக்கு மெட்ராஸ் மாகாணத்தின் பெயர் வைத்திருந்தார்கள். பணத்துக்குப் பெயர் வைத்தார்கள். உயிரைக் கொடுக்கப் போன ஆளுக்குச் சிலை வைக்க எழுபது வருடம் ஆனது.

டீச்சர், வகுப்பில் காட்ட ஒன்று. ராயின் கல்லறை வடக்கு பிரான்ஸில் எஸ்தவெல் என்ற சிற்றூரின் பொது மயானத்தில் இருக்கிறது. கல்லில் வங்காள எழுத்தில் ஒரு வாசகம்: மாவீரனின் சமாதி, மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்று பொருள். வங்காளம் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட அந்தப் பக்கம் போகாத வருடங்கள் இருந்திருக்கும். ஆனாலும் அந்தத் தாய்மொழி வரி அங்கேயே நிற்கிறது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் குடும்பங்களுக்குக் கல்லில் சொந்த வாசகம் போட இடம் கொடுத்தது. மொத்தம் 66 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. எழுத்துக்கு மூன்றரை பென்னி. அதற்குள் ஒரு பிள்ளையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

---

சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்றைக்கு வகுப்பில் லிஃப்ட் சீருடை காட்சியைச் சொன்னேன். கேள்வி கேட்ட பெண்ணிடம், "கொடுக்கவில்லை, திருப்பிக் கொடுத்தார்கள்" என்று ஒற்றைச்சிறகு சொன்னதையும், நடுவானத்தின் ஒரு மாதக் கணக்கையும் இரண்டையும் சொன்னேன், எது சரி என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் தாமதமாகக் கொடுக்கும்போது ஏன் தாமதம் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் மிஸ்" என்றாள். நான் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம் கல்வெட்டு சொன்ன 66 எழுத்துக் கணக்கை வைத்து ஒரு பயிற்சி கொடுத்தேன். புல்லார்ட், சின், யானோஷெக், ராய், மாலிக், புஜ்ஜி, ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு கல்லில் வெட்ட ஒரு வாசகம். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் முதலில் "மாவீரர்", "தியாகி" என்று பெரிய பெரிய வார்த்தையாக எழுதினார்கள், இடம் போதவில்லை, அடித்தார்கள். ஒருவன் புல்லார்டுக்கு எழுதியது: "கதவைத் திறந்துவிட்டவர். அவருக்குத்தான் திறக்கவில்லை." லிஃப்டை நினைத்து எழுதினானாம்.

ஒரே ஒரு தகராறு மட்டும் தீரவில்லை. 66 என்பது ஆங்கில எழுத்துக் கணக்கு. தமிழில் "க்" ஒரு எழுத்தா, "கொ" ஒரு எழுத்தா மூன்றா? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

---

கல்வெட்டு எழுதியது:

கல்லில் வெட்டுகிறவருக்கு "கொ" என்றால் மூன்று உரு, மூன்று இடம். ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே எண்ணுங்கள், புள்ளி வைத்ததையும் ஒன்றாக. புல்லார்டுக்கு அந்தப் பையன் எழுதிய வாசகத்தை இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு சேர்த்து 66க்குள் நன்றாகவே அடங்குகிறது.